குமிழி வந்த பக்கம்

சங்கரேஸ்வரி நல்லதை மறந்தாலும் மறப்பாள், கெட்டதை மறக்க மாட்டாள். மூன்றாம் வகுப்பில் தன் பென்சிலை உடைத்தவளின் பெயரை இன்றும் இனிஷியலோடு சொல்வாள். தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அப்பா மாசானம், தன் மகள் மனதில் ஒருவன் பெயர் ஏறிவிட்டால் அது காயில் மேல் அடித்த வார்னிஷ் மாதிரி, சுரண்டினாலும் போகாது என்பார். பெருமையாகச் சொல்கிறாரா, பயந்து சொல்கிறாரா என்பது கேட்கிறவர்களுக்கு விளங்காது.

அவள் மனதில் ஏறியிருந்த பெயர் இசக்கிராஜ். அவன் அதே சந்தில் வளர்ந்தவன். அதே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டவன். யாரோ ஒருவன் குழி பறித்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பறித்தான் பாருங்கள், அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

விஷயம் நடந்தது செம்பூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில். பெயர் வேண்டாம். அங்கே மாட்டுங்காக்காரர் பஞ்சாபகேசன் ஒரு சிறிய லேப் நடத்தினார். கோழிக்குஞ்சின் காது எப்படி உருவாகிறது என்பதுதான் அவர் வாழ்நாள் கேள்வி. சங்கரேஸ்வரி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே சேர்ந்தாள். அந்தச் சந்திலிருந்து ஆராய்ச்சிக்குப் போன முதல் பெண் அவள்தான். இரண்டு வருஷம் கழித்து இசக்கிராஜுக்காகச் சாரிடம் பேசி அவனையும் உள்ளே கொண்டுவந்தவளும் அவள்தான். அதையும் அவள் மறக்கவில்லை.

வேலை இதுதான். சேவல் சேர்ந்த முட்டையை மூன்று நாள் இன்குபேட்டரில் வைத்தால் உள்ளே ஒரு சின்ன உயிர் இதயம் துடிக்கக் கிடக்கும். ஓட்டில் கத்தரியால் ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தால் தலையின் பக்கவாட்டில் கடுகுக்கும் சிறியதாக ஒரு பை தெரியும். அதுதான் காதாகப் போகிறது. அந்தப் பையின் கீழ்ப்பாதி வளர்ந்து கேட்கும் பகுதியாகும். மேல்பாதி மூன்று வளையங்களாகி, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பறவைக்குச் சொல்லும்.

அந்தப் பைக்குள் கண்ணாடி ஊசியால் ஒரு துளி மரபணுக் கரைசலை விட வேண்டும். போன இடம் தெரிவதற்காக அதில் பச்சைச் சாயம் கலந்திருக்கும். பிறகு பையின் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி பிடித்து, பல்ஸ் பெட்டியிலிருந்து நாலைந்து சின்ன மின் துடிப்புகள். அந்த நொடியில் செல்களின் தோலில் துளைகள் திறந்து மூடும். மரபணு உள்ளே போய்விடும். எந்தச் சுவரில் போகும் என்பதுதான் சூட்சுமம். மரபணு எப்போதும் பிளஸ் முனையைப் பார்த்துத்தான் ஓடும். சிவப்புக் கம்பி பிளஸ். அதைக் கீழே பிடித்தால் கீழ்ச்சுவர், மேலே பிடித்தால் மேல்சுவர். ஜன்னலை டேப்பால் ஒட்டி முட்டையை மறுபடி சூட்டில் வைத்தால், மறுநாள் மைக்ராஸ்கோப்பில் மரபணு ஏறிய இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சங்கரேஸ்வரிக்கு அந்தப் பச்சையைப் பார்க்கிற காலை நேரத்துக்காகவே உயிர் வாழலாம் போலிருந்தது.

லேப்பில் ஒரு பழக்கம் இருந்தது. முதல் முட்டையைத் தொடும் முன் இரண்டு கம்பிகளையும் ஒரு கிண்ணம் உப்புநீரில் விட்டுத் துடிப்பு கொடுத்துப் பார்க்க வேண்டும். குமிழி அதிகமாக வருகிற கம்பி மைனஸ். கலரை நம்பாதே, குமிழியை நம்பு என்பது பஞ்சாபகேசன் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஓதுகிற மந்திரம். சங்கரேஸ்வரி ஒரு நாளும் தவறவிட மாட்டாள். இசக்கிராஜுக்கு அது வெட்டி வேலை.

அந்த வருஷம் தாராவி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவள் முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். லேப்பில் பெரிய தொகுதி ஒன்று இன்குபேட்டரில் இருந்தது. வெளிநாட்டு லேப் ஒன்றுக்கு முடிவு அனுப்ப வேண்டிய முட்டைகள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள் என்று இசக்கிராஜ் அனுப்பிவைத்தான். திரும்பி வந்தபோது அத்தனையும் செத்துக் கிடந்தன. இன்குபேட்டர் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய பிளக் பாயின்ட்டில் இசக்கிராஜின் லேப்டாப் சார்ஜர் தொங்கியது.

அவள் சார்ஜரைக் காட்டினாள். முட்டைகள் செத்ததைப் பார்த்த பிறகுதான் தன் சார்ஜரைச் சொருகினதாக அவன் சொன்னான். பிறகு, அவள் பக்கத்தில் நிற்கும்போதே, சாரிடம் பரிவோடு சொன்னான்: "அக்கா சாமி கும்பிடப் போற அவசரத்துல பிளக்க இழுத்துட்டாவ போல சார். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாவ, பாவம்."

முதல் வாக்கியத்தைக்கூட அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. பஞ்சாபகேசன் கெட்டவர் அல்ல. பரிவோடு சொன்னால் பொய்யையும் நம்புகிற ரகம். அவள் வேலை போனது, பி.எச்டி. பதிவு போனது. இசக்கிராஜுக்கு அவள் இருந்த மேஜை கிடைத்தது. சந்தில் அவள் கொடைக்குப் போனதைச் சொல்லிக் காட்டி, சாமியே வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. கொஞ்ச நாள் அப்பா பட்டறையில் உட்கார்ந்து காயில் சுற்றினாள். பிறகு ஆராய்ச்சிக் கருவிகள் விற்கிற ஓர் அந்தேரிக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்தாள். உயிரியலும் தெரிந்து, கம்பியும் தெரிந்த ஆள் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. நகரத்து லேப்களுக்கெல்லாம் டூல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு லேப்பிலும் யாரோ ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பச்சையைப் பார்த்துச் சிரிப்பாள். சங்கரேஸ்வரி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே அந்தச் சிரிப்பைப் பார்ப்பாள். வயிறு எரியும். எரிகிறது என்பதை அவள் தனக்குத்தானே ஒளித்துக்கொள்ளவில்லை.

அப்படியே போயிருக்கும். ஆனால் சந்து முனையில், மாசானத்தின் பட்டறைக்கு நேர் எதிரே, ஒரு பிளெக்ஸ் பேனர் எழுந்தது. பல் தெரியச் சிரிக்கும், கோட்டு போட்ட இசக்கிராஜ், கையில் முட்டை. 'நம் மண்ணின் மைந்தன், வருங்கால டாக்டர்' என்று கொட்டை எழுத்து. சந்துக்காரர்கள் பாராட்டு விழா வைத்தார்கள். விழாவில் அவன் பேசும்போது, தனக்கு வழிகாட்டிய சங்கரேஸ்வரி அக்காவுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லி ஒரு நிமிஷம் தொண்டை அடைத்து நின்றானாம். கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனாள். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே அந்தப் பல் தெரியும். அப்பா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு காயில் சுற்றுவார். அவளால் தாழ்த்த முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு செம்பூர்ப் பக்கத்து அதே லேப்பிலிருந்து அழைப்பு வந்தது. பல்ஸ் பெட்டியில் துடிப்பு சரியாக வரவில்லை, ஆள் அனுப்பவும். மேனேஜர் வேறு ஒருவனைத்தான் அனுப்ப இருந்தார். சங்கரேஸ்வரி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் போனபோது சாரும் இல்லை, இசக்கிராஜும் இல்லை. சாதியா என்று ஒரு பெண் இருந்தாள். பக்கத்துச் சீத்தா கேம்ப் குடிசைப்பகுதிப் பெண், புதிய ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். ஒல்லியாக, தலையில் துப்பட்டாவோடு, கையில் கத்தரியோடு வரவேற்றாள். அக்கா, சாய் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வெளியே போனாள்.

பெட்டியில் ஒரு ரிலே போயிருந்தது. மாற்றிவிட்டாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் மூடியைப் போடவில்லை. உள்ளே சிவப்பு முனைக்குப் போகும் ஒயரையும் கறுப்பு முனைக்குப் போகும் ஒயரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டாள். மூடியைப் பூட்டி, மேலே கம்பெனி முத்திரை ஸ்டிக்கரை ஒட்டினாள்.

இனி அந்தப் பெட்டியில் சிவப்பு மைனஸ். கீழ்ச்சுவருக்கு என்று விடுகிற மரபணு மேல்சுவருக்குப் போகும். துடிப்பு வரும், முட்டை சாகாது, பச்சை ஒளிரும். எல்லாம் ஒழுங்காக நடக்கும், இடம் மட்டும் மாறும். இசக்கிராஜின் தீசிஸ் முழுக்க அந்தக் கீழ்ச்சுவர்தான்: அங்கே ஒரு மரபணுவை ஏற்றினால் கேட்கும் செல்கள் கூடுதலாக முளைக்கும் என்று இந்தப் பெட்டியை வைத்து இனிமேல்தான் நிரூபிக்கப் போகிறான்.

இதற்கு ஒரு நியாயமும் அவள் மனதில் வைத்திருந்தாள். கிண்ணத்து உப்புநீரில் ஒரு தரம் குமிழி பார்த்தால் போதும், பிடிபட்டுவிடும். ஒழுங்கானவனாக இருந்தால் அன்றைக்கே கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுவான். அவளும் வந்து, தவறு நடந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்துவிடுவாள். குமிழி பார்க்காதவன், வராத முடிவைப் பார்த்தும் வாயைத் திறக்காதவன் மட்டும்தான் மாட்டுவான். அவனுக்கு அவன் புத்தியே பொறி. சாதியா கொண்டுவந்த சாயைக் குடித்தாள். இஞ்சி போட்டிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

போன் வரவில்லை. ஒரு மாதம் போனது, மழைக்காலமும் கணபதி ஊர்வலங்களும் இரண்டு தடவை வந்து போயின. ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் காது நிமிரும். வராத ஒவ்வொரு வாரமும் அவளுக்குத் தேனாக இனித்தது. ஷட்டரைத் தூக்கும்போது பேனரைப் பார்த்து, சிரி, இன்னும் கொஞ்ச நாள் சிரி என்று முணுமுணுப்பாள். மாசானம் மகளைக் கவனித்தார். என்ன செய்திருக்கிறாள் என்று தெரியாவிட்டாலும் ஏதோ செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. விட்டுவிடு என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் டூல் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தீசிஸ் வாய்மொழித் தேர்வு எல்லோரும் வரக்கூடியது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு அரை நாள் லீவு போட்டுப் போனாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுக் கரை வைத்த சேலை கட்டியிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாதியா. தேர்வுக்கு வந்தவர்களுக்குச் சாயும் சமோசாவும் ஏற்பாடு செய்கிற வேலை அவளுடையது. சங்கரேஸ்வரியை அடையாளம் கண்டு புன்னகைத்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

இசக்கிராஜ் திரையில் படம் காட்டினான். ஒன்று, இரண்டு, பத்து. எல்லாவற்றிலும் காதுப்பையின் கீழ்ச்சுவர் பச்சைப் பசேல் என்று ஒளிர்ந்தது. சங்கரேஸ்வரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பெட்டியில் இந்தப் படம் வர வழியே இல்லை. படங்களைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறான். சார்ஜரைச் சொருகின அதே கை. இந்தத் தீசிஸ் அச்சாகட்டும், பேரும் புகழும் வரட்டும், அதற்குப் பிறகு ஒரே ஒரு மெயில் போட்டுக் கீழே இழுக்கலாம் என்பதுதான் அவள் கணக்கு. இன்றைக்கு வாயைத் திறப்பதாகவே அவள் வரவில்லை. விழப்போகிறவன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். பின்னிணைப்பில் கொடுத்திருக்கிற, வேண்டாமென்று ஒதுக்கின மாதிரிகள் எல்லாமே மேல்சுவரில் ஒளிர்கின்றனவே, அது ஏன்?

இசக்கிராஜ் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். அவையெல்லாம் ஜூனியர் செய்தவை, கம்பியை மாற்றிப் பிடித்துவிட்டாள் என்றான். கடைசி வரிசையில் சாதியாவைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தான். அவளை இந்த மாதத்தோடு அனுப்புகிறோம் என்றான். அன்றைக்கு லேப்பில் தமிழில் சொன்னதை இங்கே இங்கிலீஷில் சொன்னான்: வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், பாவம்.

சாதியா துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டினாள். அவள் யாரிடம் என்று இல்லாமல், தன் மடியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "பெட்டி ரிப்பேரான அன்னைக்கே நான் சொன்னேன் அக்கா. கிண்ணத்துல பாத்தேன், ரெட் பக்கம்தான் குமிழி வந்துச்சு. மேடையில நிக்கிறாரே, இந்த சாப் சொல்லிட்டாரு, தூ அப்னா காம் கர், உன் வேலையப் பாருன்னு."

சங்கரேஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வைத்த பொறியில் குமிழி பார்த்தவளும் மாட்டியிருக்கிறாள். பார்க்காதவன் மேடையில் நிற்கிறான். பார்த்தவள் சமோசாத் தட்டோடு வெளியே போகப் போகிறாள். அவளுக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். வந்தது ஆத்திரம். என் பொறியையே படிக்கட்டாக வைத்து ஏறப் பார்க்கிறாயா என்கிற ஆத்திரம். அச்சு, மெயில் என்று இனிக் காத்திருக்க முடியாது. அதற்குள் இந்தப் பெண் காணாமல் போய்விடுவாள். இப்போது பேசினால் தன் கம்பெனி வேலை போகும். இந்த ஊரில் எந்த லேப்பின் கதவும் திறக்காது. போகட்டும் என்று எழுந்தாள்.

"சார், அந்த மிஷின்ல கீழ்ச்சொவத்துக்கு ஏத்த முடியாது. உள்ள பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திப் போட்டது நான்தான். மூடி மேல எங்க கம்பெனி சீல் இருக்கு, யாரும் பிரிக்கல. கொண்டாந்து பாருங்க. மேல ஒளிர்ற படம்தான் நெசம். கீழ ஒளிர்ற படம் அத்தனையும் இவன் புரட்டுனது."

பஞ்சாபகேசனுக்கு அவளை அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை அவள் ரசித்தாள். இசக்கிராஜ் சிரிக்கப் பார்த்தான். "அக்கா, என்ன பேசுதிய? உங்களுக்கு எம்மேல கோவம், சரி. அதுக்காவ..." என்று தமிழுக்கு மாறினான். பயந்தால்தான் அவனுக்குத் தமிழ் வரும்.

"ஆமா, கோவம்தான். கோவத்துலதான் செஞ்சேன். வேணும்னேதான் செஞ்சேன்ல. பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

பெட்டி வந்தது. சீல் அப்படியே இருந்தது. அங்கேயே ஒரு கிண்ணத்தில் உப்புநீர் ஊற்றி, கம்பிகளை விட்டுத் துடிப்பு கொடுத்தார்கள். சிவப்புக் கம்பியைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி கிளம்பியது. தேர்வாளர் மூலப் படங்களைக் கேட்டார். இசக்கிராஜின் லேப்டாப்பில் அவை இருந்தன, புரட்டாமல், மேல்சுவர் ஒளிர நிமிர்ந்த நிலையில். தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்து போகவில்லை. அவனே போய்க் குடித்தான்.

கூட்டம் கலைந்தது. தீசிஸ் நின்றது. பஞ்சாபகேசன் அவளிடம் வந்து, அன்றைக்கு அந்த பிளக்... என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவர் மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. அவர் பெயரும் அவள் மனதில்தான் இருந்தது, கொஞ்சம் சின்ன எழுத்தில். உங்கள் கம்பெனிக்கு நான் எழுதித்தான் ஆகவேண்டும் அம்மா என்றார். எழுதுங்கள் என்றாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிறைவாக அவள் மூச்சு விட்டதில்லை.

லேப்பில் சாதியா பெட்டியை மேஜையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வேலை நிலைத்துவிட்டது என்று சார் சொல்லியிருந்தார். சங்கரேஸ்வரி டூல் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, ஒயர்களைப் பழையபடி மாற்றினாள். சாதியா நன்றி சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்த்தாள்.

சாதியா நன்றி சொல்லவில்லை. "அந்த முட்டையெல்லாம் நான் வெட்டுனது அக்கா," என்றாள். "பக்ரீதுக்குக்கூட வீட்டுக்குப் போகாம வெட்டினேன். என் கைதான் சரியில்லன்னு தினம் வீட்ல அழுதேன். அவரு என்னைப் பத்திப் பொய் சொன்னாரு. ஆனா அதுக்கு முன்னால நீங்க என் சாயக் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க."

சங்கரேஸ்வரி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்காமல், குரல் உயராமல், ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே அடுக்குகிற முகம். யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரியும். தினமும் ஷட்டரைத் தூக்கும்போது பேனரைப் பார்த்து நின்றது இந்த முகம்தான். இனி சீத்தா கேம்ப்பில் ஒரு வீட்டில் தன் பெயர் இனிஷியலோடு ஏறி உட்கார்ந்திருக்கும், சுரண்டினாலும் போகாது. மூடியைப் பூட்டினாள்.

"இப்ப சரியா இருக்கு. செவப்புதான் பிளஸ்," என்றாள்.

"நான் பாத்துக்கிறேன்," என்றாள் சாதியா.

டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சங்கரேஸ்வரி வாசல் வரை போனாள். திரும்பிப் பார்த்தபோது சாதியா அவள் சொன்னதை நம்பாமல், கிண்ணத்தில் புதிதாக உப்புநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.